18 மி.மீ. பிளை: கடைசி பாஸில் துண்டு நகர்ந்து பிட் உடைகிறது, ஷீட்டை எப்படிப் பிடித்து வைக்கிறீர்கள்?

புதுப்பட்டறை (பொள்ளாச்சி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பட்டறைக்கு 1325 ரவுட்டர் (கணினி சொல்லும் வழியில், சுழலும் பிட்டால் பலகையை வெட்டும் மிஷின்) வந்து ஏழு மாதம் ஆகிறது. இதுவரை எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போட்டு ஜாலி, அதாவது துளைத்துளையான அலங்காரத் தட்டி வேலைதான் அதிகம், பெரிய தொந்தரவு இருந்ததில்லை. இப்போது ஒரு மழலையர் பள்ளிக்குச் சின்ன மேசையும் நாற்காலியும் 40 செட் கேட்டிருக்கிறார்கள். ஆணி, ஸ்க்ரூ இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று சொருகி நிற்கும் டிசைன். 18 மி.மீ. பிளை (பிளைவுட்), ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். கிரேடு, 8 அடிக்கு 4 அடி ஷீட்.

முதல் ஷீட் போட்டேன். நான்கு மூலையிலும் டி-ஸ்லாட் கிளாம்ப் (மேசைப் பள்ளத்தில் மாட்டி இறுக்கும் கவ்வி), நீளவாட்டில் நடுவில் இரண்டு, மொத்தம் ஆறு. முதல் இரண்டு பாஸ் (ஒரு சுற்றில் கொஞ்சம் ஆழம் என்று வெட்டிக்கொண்டு போவது) சுத்தமாகப் போனது. மூன்றாவது பாஸில் ஷீட்டின் நடுப்பகுதியில் இருந்த ஒரு பிராக்கெட் (90க்கு 60 மி.மீ.) திடீரென்று திரும்பியது. பிட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு "டக்" என்று ஒரு சத்தம். பிட் இரண்டு துண்டு. பிராக்கெட் பறந்து போய்ச் சுவரில் அடித்து, சிமெண்ட் பூச்சு பெயர்ந்துவிட்டது. என் உதவியாளர் அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் பேப்பர் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் அவர் முகம். அன்று அதற்குமேல் மிஷினைத் தொடவில்லை.

எனக்குப் புரியாதது ஒன்று உண்டு. அந்த பிராக்கெட்டுக்கு நான்கு பக்கமும் டேப் (ஒட்டுகிற டேப் அல்ல, துண்டை ஷீட்டோடு பிடித்து வைக்க வெட்டாமல் விடுகிற சின்னப் பாலம்) கொடுத்திருந்தேன். 8 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். சாஃப்ட்வேரில் பிரிவியூவும் பார்த்தேன், நான்கும் இருந்தன. வெட்டிய துண்டை எடுத்துப் பார்த்தால் டேப் ஒடிந்த தழும்பே இல்லை. எங்கே போயின?

சுழல்கத்தி எழுதியது:

உங்கள் உதவியாளருக்கு ஒன்றும் ஆகாததே பெரிய விஷயம். சில விவரம் சொல்லுங்கள். என்ன பிட், எத்தனை ஆர்பிஎம், ஃபீட் (பிட் நகரும் வேகம்) எவ்வளவு? மொத்த ஆழம் எவ்வளவு கொடுத்தீர்கள்? இசட் சீரோ (ஆழத்தை அளக்கத் தொடங்கும் இடம்) எங்கே எடுத்தீர்கள், ஷீட்டின் மேலா, ஸ்பாயில்போர்டின் (மேசையில் பிட் படாமலிருக்க ஷீட்டுக்கு அடியில் போடும் பலகை) மேலா? அப்புறம் முக்கியமானது, அந்த ஷீட் மட்டமாக இருந்ததா? மேசையில் போடுவதற்கு முன் எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள்?

புதுப்பட்டறை எழுதியது:

6 மி.மீ. இரண்டு வெட்டுவாய் அப்கட் ஸ்பைரல். 18000 ஆர்பிஎம், ஃபீட் நிமிடத்துக்கு 4000 மி.மீ. பாஸ் ஒன்றுக்கு 6 மி.மீ. கடைசி பாஸ் ஸ்பாயில்போர்டில் கொஞ்சம் இறங்கட்டும் என்று மொத்த ஆழம் 18.3. இசட் சீரோ ஷீட்டின் மேல், முன்பக்க இடது மூலையில் கிளாம்புக்குப் பக்கத்தில் எடுத்தேன்.

ஷீட்டுகள் மூன்று வாரமாகச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தன. மழைக்காலம் வேறு. கொஞ்சம் கூன் இருந்தது உண்மைதான். கிளாம்ப் போட்டால் படிந்துவிடும் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். சொருகு குழிகள் எல்லாம் 9 மி.மீ. ஆழம் வரவேண்டும். ஓரத்தில் இருக்கும் குழிகள் சரியாக 9. நடுவில் இருப்பவை கிட்டத்தட்ட 12. மிஷினில் கோளாறோ என்று பயந்துபோய் இசட் அச்சை மூன்று முறை சோதித்தேன். அதில் தப்பில்லை.

மேசைமட்டம் எழுதியது:

தம்பி, உங்கள் டேப் எங்கே போனது என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். அந்த 12 மி.மீ. குழிதான் பதில்.

பிட் இறங்கும் ஆழம் மூலையில் எடுத்த சீரோவிலிருந்து கணக்காகிறது. நடுவில் குழி 3 மி.மீ. கூடுதல் ஆழம் என்றால், அந்த இடத்தில் ஷீட் மேசையை விட்டு 3 மி.மீ. மேலே நின்றிருக்கிறது. மூலையில் ஷீட்டின் அடிப்பக்கம் 18 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. நடுவில் அதே அடிப்பக்கம் 15 மி.மீ. ஆழத்திலேயே முடிந்துவிட்டது. இப்போது டேப்பைப் பாருங்கள். சாஃப்ட்வேர் டேப்பை வெட்டின் அடியிலிருந்து அளக்கும். 18.3 ஆழத்திலிருந்து 2 மி.மீ. மேலே, அதாவது 16.3 ஆழத்தில் பிட் ஏறி, டேப்பைத் தாண்டி, மறுபடி இறங்கியது. ஆனால் அந்த இடத்தில் மரம் 15-லேயே தீர்ந்துவிட்டது. பிட் ஏறி இறங்கியது வெறும் காற்றில். பிரிவியூவில் நான்கு டேப் இருந்தன, ஷீட்டில் ஒன்றுகூட இல்லை. கடைசி சுற்று முடிவதற்குள் அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லாமல் போய்விட்டது.

நம்பிக்கை வராவிட்டால் ஸ்பாயில்போர்டைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஓரத்தைப் போலவே நடுவிலும் 0.3 மி.மீ. கோடு விழுந்திருக்கும். பிராக்கெட்டின் டேப்புக்காகப் பிட் ஏறி இறங்கிய இடத்தில் மட்டும் கோடு விட்டுப்போயிருக்கும்.

கூன் பாதி காரணம், மீதி உங்கள் பிட். அப்கட் ஸ்பைரல் சிப்ஸை (வெட்டும்போது வரும் மரச்சீவலை) மேலே தூக்கி எறியும். சிப்ஸைத் தூக்கும் அதே விசை ஷீட்டையும் தூக்கும். எம்டிஎஃப்பில் நீங்கள் தப்பித்தது, அது கனமாகவும் மட்டமாகவும் கிடப்பதால். பிளையில் ஏற்கெனவே தூக்கி நிற்கிற ஷீட்டை அந்த பிட் இன்னும் மேலே இழுத்திருக்கும். கிளாம்ப் எல்லாம் ஓரத்தில். 4 அடி அகலத்தில் நடுவில் யார் அமுக்குவது?

தடிமன் கணக்கும் உண்டு. 18 என்று விற்கிற பிளை வெர்னியரில் வைத்தால் 17.3 வரும், சில ஷீட் 18.4 கூட வரும். 17.3 ஷீட்டில் நீங்கள் மேலிருந்து 18.3 இறங்கினால் 2 மி.மீ. டேப் என்பது நிஜத்தில் 1 மி.மீ. அதனால் ஊடு வெட்டுக்கு (ஷீட்டின் அடிவரை போகும் வெட்டு) சீரோவை ஸ்பாயில்போர்டின் மேல் எடுங்கள். குழி ஆழத்துக்கு மேல்பரப்பு முக்கியம். அதற்கு ஒவ்வொரு ஷீட்டையும் நான்கு இடத்தில் அளந்து சரியான தடிமனை சாஃப்ட்வேரில் கொடுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

புதுப்பட்டறை எழுதியது:

அண்ணா, இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஓரத்திலும் நடுவிலும் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு.  பிராக்கெட்டின் டேப் இருக்க வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று இருக்கிறது. ஒரு வாரமாக மிஷினைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது நடுவில் எப்படி அமுக்குவது? வேக்குவம் (பம்ப் வைத்து ஷீட்டுக்கு அடியில் இருக்கிற காற்றை எடுத்துப் பிடிப்பது) போடுவதா?

கோவைத்தூள் (கோயம்புத்தூர்) எழுதியது:

40 செட் என்றால் வேக்குவம் பற்றி யோசிக்கலாம். நாங்கள் மாடுலர் கிச்சன் வேலைக்கு வாட்டர் ரிங் பம்ப் வைத்து ஐந்து வருடமாக ஓட்டுகிறோம். ஷீட்டை வைத்து வால்வைத் திறந்தால் முடிந்தது. கிளாம்பும் வேண்டாம், ஸ்க்ரூவும் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். கேஜில் 0.6 பார் காட்டினால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோ அமுக்கம். முழு 8க்கு 4 ஷீட் கிட்டத்தட்ட 29,800 சதுர செ.மீ. அதாவது ஏறத்தாழ 17.9 டன். கூன் விழுந்த ஷீட்கூடக் கம்பளம் மாதிரி படிந்துவிடும்.

ஆனால் இதே கணக்கை உங்கள் பிராக்கெட்டுக்குப் போடுங்கள். 9க்கு 6 செ.மீ., 54 சதுர செ.மீ. அமுக்கம் வெறும் 32 கிலோ. பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது உராய்வு மட்டும்தான். அது அந்த அமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 10 கிலோதான். அதுவும் வெட்டு கூடக்கூடப் பள்ளம் வழியே காற்று உள்ளே போய் 0.6 என்பது 0.4 ஆக இறங்கும். அதனால் எங்களிடமும் சின்னத் துண்டு நகர்ந்திருக்கிறது. பெரிய கதவுப் பலகை ஒருநாளும் நகர்ந்ததில்லை.

போடுவதாக இருந்தால் ஸ்பாயில்போர்டுக்குச் சாதாரண எம்டிஎஃப் போதும். இரண்டு பக்கமும் அரை மி.மீ. சீவிவிடுங்கள், மேல்தோல் இறுக்கமாக இருப்பதால் காற்று ஊடுருவாது. நான்கு விளிம்பையும் பெயிண்ட் அடித்து அடைக்க வேண்டும். காலியாக இருக்கிற இடத்தைப் பழைய சன்மைக்கா துண்டு போட்டு மூடுங்கள்.

மலைக்காற்று (ஊட்டி) எழுதியது:

வேக்குவம் பேச்சு வந்ததால் எங்கள் ஊர்க் கதையைச் சொல்ல வேண்டும். வேக்குவம் என்றால் பம்ப் ஷீட்டைக் கீழே இழுக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அமுக்குவது மேலே இருக்கிற காற்று. பம்ப் கீழே இருக்கிற காற்றை எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஊட்டி 2240 மீட்டர் உயரம், இங்கே ஏறக்குறைய 77. எவ்வளவு பெரிய பம்ப் வைத்தாலும் கோவையில் கிடைக்கிற பிடி இங்கே கிடைக்காது. கீழே ஒரு பட்டறையில் பார்த்துவிட்டு அதே பம்ப்பை நானும் வாங்கினேன். கேஜ் ஏறவே இல்லை. லீக் தேடித்தேடி இரண்டு மாதம் போனது. லீக் இல்லை, இங்கே காற்றே அவ்வளவுதான்.

பொள்ளாச்சியில் உங்களுக்கு இந்தப் பிரச்சினை வராது. ஆனால் கரண்ட் கட் வரும். கரண்ட் போனால் பம்ப் நின்று பிடி விடும். ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) உடனே நிற்காது, சில நொடி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பிட் மரத்துக்குள் இருக்கும்போது ஷீட் விடுபட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டீர்கள். பம்ப்புக்கும் மேசைக்கும் நடுவில் நான்-ரிட்டர்ன் வால்வு (காற்று திரும்பி மேசைப் பக்கம் போகாமல் தடுப்பது) கட்டாயம் போடுங்கள். 5.5 கிலோவாட் மோட்டார் என்றால் மணிக்கு ஐந்தரை யூனிட் என்பதையும் 40 செட் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது பெரும்பாலும் ஸ்க்ரூதான். மெதுவான வேலை, ஆனால் கரண்ட் போனாலும் பிடித்த பிடி விடாது.

ஆசாரிவீடு எழுதியது:

நான் கை வேலையில் வந்தவன், மிஷின் என் மகன் ஓட்டுகிறான். மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கூன் ஷீட்டைப் போடும்போது எந்தப் பக்கம் மேலே என்று பார்க்காமல் போடாதீர்கள். நீங்கள் முதுகு மேலே இருக்கிற மாதிரி போட்டிருக்கிறீர்கள். ஓரம் நான்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறது, நடு தூக்கி நிற்கிறது. அப்போது ஓரத்தில் என்னதான் இறுக்கினாலும் நடு இறங்காது. கிளாம்ப் போடுகிறவர் திருப்பிப் போட வேண்டும். தட்டு மாதிரி, நடு மேசையைத் தொட்டுக்கொண்டு ஓரம் தூக்கி இருக்கட்டும். ஓரத்தை இறுக்கி இறக்கினால் ஷீட் தானே நடுவில் மேசையை அமுக்கும். வில்லை நாண் ஏற்றுகிற மாதிரிதான்.

அப்புறம், ஷீட்டைச் சுவரில் சாய்க்கவே கூடாது. தரையில் நான்கு ரீப்பர் கட்டை போட்டு, நான்கும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன் மேல் படுக்க வையுங்கள். மேல் ஷீட்டின் மேல் ஒரு பழைய ஷீட் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் மேலே இருப்பது ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துச் சுருளும்.

அளவாக வெட்டிய சின்னத் துண்டில் வேலை என்றால் எங்கள் வழி ஆப்பு. இரண்டு பக்கம் எல் மாதிரி கட்டை அடித்து, எதிர்ப்பக்கம் எதிரெதிராக இரண்டு ஆப்பு வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. ஆப்பு துண்டின் தடிமனுக்குக் கீழேயே இருக்கும், பிட் போகிற வழியில் நிற்காது. தவறிப் பிட் பட்டாலும் மரம்தானே.

கோவைத்தூள் எழுதியது:

ஐயா மன்னிக்கவும், எங்கள் அனுபவம் நேர் எதிர். தட்டு மாதிரி போட்டால் ஓரம் எல்லாம் தூக்கிக்கொண்டு நிற்கும், பம்ப் எவ்வளவு இழுத்தாலும் காற்று ஓரத்தில் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் எப்போதும் முதுகு மேலேதான் போடுவோம். ஓரம் படிந்திருப்பதால் அடைத்துக்கொள்ளும், நடு தானாக இறங்கும்.

மேசைமட்டம் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதும் சரி. அமுக்குகிற விசை எங்கே விழுகிறது என்பதுதான் வித்தியாசம். கிளாம்ப் ஓரத்தில் அமுக்குகிறது, அதனால் ஓரம் தூக்கியிருக்க வேண்டும். வேக்குவத்துக்கு முதலில் ஓரம் அடைபட வேண்டும், அதனால் ஓரம் படிந்திருக்க வேண்டும். ஷீட் முழுக்க ஸ்க்ரூ போடுகிறவருக்கு எப்படிப் போட்டாலும் அமுக்கிவிடலாம். ஆனாலும் ஸ்க்ரூவை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள். ஓரத்தை முதலில் பூட்டிவிட்டால் நடுவில் இருக்கிற வீக்கம் போக வழி இல்லாமல் அங்கேயே நிற்கும்.

தம்பி, 40 செட்டுக்காக இப்போது பம்ப் வாங்க வேண்டாம். ஸ்க்ரூவில் முடியுங்கள்.

சுழல்கத்தி எழுதியது:

ஸ்க்ரூ வழியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஸ்க்ரூ இடத்தைக் கண்ணால் பார்த்துப் போடாதீர்கள். நெஸ்டிங் (துண்டுகளை ஷீட்டில் நெருக்கி அடுக்குவது) முடிந்ததும் கழிவுப் பகுதியில் புள்ளிகள் வைத்து, அதை ஒரு தனி டிரில் வேலையாக ஃபைலின் முதலில் சேருங்கள். மிஷினே துளை போடும். பிறகு எம்5 என்ற கட்டளை கொடுத்து ஸ்பிண்டிலை நிறுத்தி, எம்0 கட்டளை கொடுத்து ஃபைலை நிறுத்துங்கள். நீங்கள் ஸ்க்ரூவை இறக்கிவிட்டு ஸ்டார்ட் அழுத்தினால் வெட்டு ஆரம்பிக்கும். துளை போடும் நேரத்துக்கு மட்டும் ஓர கிளாம்ப் போதும். பிட்டின் பாதி 3 மி.மீ., ஸ்க்ரூ தலையின் பாதி 4 மி.மீ., மேலே ஒரு 6 மி.மீ. இடைவெளி. ஆக வெட்டுக் கோட்டிலிருந்து ஸ்க்ரூ நடு குறைந்தது 13 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். இதற்காகவே துண்டுகளுக்கு நடுவில் கொஞ்சம் இடம் விட்டு நெஸ்ட் செய்யுங்கள். ஒரு துண்டு மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பிட் போக வேண்டாம்.

பிளையில் துளை ஸ்க்ரூவைவிடப் பெரியதாக இருக்கட்டும். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 4.5. முழுக்க மரை இருக்கிற ஸ்க்ரூ பிளையையும் பிடித்து ஸ்பாயில்போர்டையும் பிடித்தால், நடுவில் இருக்கிற இடைவெளியை அப்படியே பூட்டிவிடும். இறுக்க இறுக்க இறுகின மாதிரி இருக்கும், ஷீட் இறங்கியே இருக்காது. பிளையில் தொளதொளவென்று போய், கீழே மட்டும் கடிக்க வேண்டும். 18 பிளை, 18 ஸ்பாயில்போர்டு என்றால் 30 மி.மீ. ஸ்க்ரூ. கீழே 12 கடிக்கும், அலுமினியம் படுக்கையைத் தொடாது.

கழற்றிய பிறகு ஸ்பாயில்போர்டைத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் எம்டிஎஃப் எரிமலை வாய் மாதிரி புடைத்திருக்கும். அதைச் சீவாமல் அடுத்த ஷீட்டைப் போட்டால் அது அந்தப் புடைப்பின் மேல் உட்காரும். மறுபடி பழைய கதை.

என் பட்டறையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஸ்க்ரூ இடத்தைக் கையால் வைத்தேன், பிட் தலையில் உரசியது. சின்னப் பொறிதான், வெட்டும் நிற்கவில்லை. அந்தப் பொறி டஸ்ட் கலெக்டர் பைக்குள் போய்விட்டது. முக்கால் மணி நேரம் கழித்து ரொட்டி கருகுகிற வாசனை. பையைத் திறந்தால் தூளின் நடுவில் சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி வெளியே இழுத்துப் போட்டோம். அன்றிலிருந்து வெட்டுக் கோட்டுக்கு நெருக்கமான இடங்களில் பித்தளை ஸ்க்ரூ மட்டும்தான். பிளாஸ்டிக் ஆணியும் கிடைக்கிறது, அதற்குரிய காற்றுத் துப்பாக்கி வேண்டும். பிட் பட்டாலும் வெண்ணெய் மாதிரி வெட்டிவிடும்.

பிட்டையும் மாற்றுங்கள். டவுன்கட் ஷீட்டை மேசையோடு அமுக்கும், மேல்முகமும் சுத்தமாக வரும். ஆனால் சிப்ஸ் பள்ளத்திலேயே அடைந்து சூடாகும், நல்ல டஸ்ட் கலெக்டர் இல்லாவிட்டால் கருகும். கம்ப்ரெஷன் பிட்டில் நுனி அப்கட், அதற்கு மேலே டவுன்கட். இதில் முதல் பாஸே அந்த அப்கட் நுனியின் நீளத்தைவிட ஆழமாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஓட்டுவது வெறும் அப்கட் பிட்தான். நுனி நீளம் பிட்டுக்குப் பிட் மாறும், கையில் எடுத்து அளந்துகொள்ளுங்கள்.

கோலெட்டையும் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) சுத்தம் செய்யுங்கள். அப்கட் ஷீட்டை மேலே இழுக்கும்போது ஷீட் பிட்டைக் கீழே இழுக்கிறது. கோலெட்டில் தூள் இருந்தால் பிட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து ஆழம் கூடும்.

புதுப்பட்டறை எழுதியது:

இதையெல்லாம் எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். ஒரு சந்தேகம். பிராக்கெட்டுகள் மொத்தம் 160. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஸ்க்ரூ போட முடியாது. டேப்பை நம்பித்தான் இருக்க வேண்டுமா?

மலைக்காற்று எழுதியது:

சின்னத் துண்டுகளைத் தனி ஷீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். பெரிய துண்டுகளின் நடுவே பரப்பி வையுங்கள். வெட்டும் வரிசையில் அவை முதலில் வரட்டும், ஷீட் முழுசாக இருக்கும்போதே முடிந்துவிடும். துண்டுக்குள் இருக்கிற துளை, குழி எல்லாம் அதன் வெளிக்கோட்டுக்கு முன்னால். பெரிய பலகைகளின் வெளிக்கோடு கடைசியில். முதலிலேயே பெரிய பலகையை விடுவித்துவிட்டால் மீதி இருக்கிற ஷீட் வலை மாதிரி ஆடும்.

கடைசி பாஸையும் மெலிதாக்குங்கள். 6, 12, 18.3 என்று போகாமல் 6, 12, 17, 18.3. துண்டு விடுபடுகிற கடைசிச் சுற்றில் பிட் எடுக்கிற மரம் கொஞ்சமாக இருந்தால் தள்ளுகிற விசையும் கொஞ்சம்தான்.

ஐந்தாறு துண்டுதான் என்றால் பெயிண்டர் டேப் (ஒட்டுகிற காகித டேப்) வழி நல்லது. ஸ்பாயில்போர்டில் ஒரு வரிசை, ஷீட்டின் அடியில் அதே இடத்தில் ஒரு வரிசை, இரண்டுக்கும் நடுவில் சூப்பர் குளூ. ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்தால் அசையாது, பிரிக்கும்போது டேப் உரிந்து வந்துவிடும். வெற்று எம்டிஎஃப்பில் டேப் நிற்காது, தூளோடு சேர்ந்து வந்துவிடும்; அந்த இடத்தில் சீலர் அடித்துக் காயவிட்டு ஒட்டுங்கள். 160-க்கு இது ஆகாது.

ஆசாரிவீடு எழுதியது:

பாலமாக விடுகிற டேப்பை நம்பலாம், ஆனால் எந்தப் பக்கம் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கடைசியில் மிச்சமாகிற 2 மி.மீ. என்பது அடிமுக வீனீரும் (மெல்லிய மரத்தகடு) அதற்கு மேலே இருக்கிற ஒரு லேயரும்தான். முக வீனீரின் ரேகை வெட்டுக் கோட்டுக்குக் குறுக்கே ஓடினால், டேப் நல்ல பலமாக இருக்கும்; ஆனால் ஒடிக்கும்போது சிலாம்பு எடுத்துக்கொண்டு துண்டுக்குள் ஓர் அங்குலம் வரை உரிந்து வரும். ரேகை கோட்டோடு சேர்ந்து ஓடுகிற பக்கம் வைத்தால் அப்பளம் மாதிரி ஒடியும், முகம் கெடாது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைக்காதீர்கள், எதிரெதிர்ப் பக்கம் இரண்டாவது வேண்டும். வளைவில் வைக்க வேண்டாம், நேர்க்கோட்டில் வையுங்கள், தேய்க்க சுலபம். கையால் முறுக்கி ஒடிக்கவே கூடாது. அடிப்பக்கம் மேலே வருகிற மாதிரி ஷீட்டைத் திருப்பிப் போட்டு, உளியைத் துண்டின் விளிம்போடு ஒட்டி வைத்து ஒரு தட்டு. குழந்தைகள் உட்காருகிற சாமான், ஒரு சிலாம்பு மிஞ்சினாலும் தொடையில் குத்தும். தேய்த்து முடித்ததும் பழைய துணியால் விளிம்பு முழுக்கத் துடையுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே சிலாம்பு இருக்கிறது.

புதுப்பட்டறை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். மூன்று ஷீட் வெட்டிவிட்டேன். ஒரு துண்டுகூட நகரவில்லை.

செய்தது இதுதான். ஸ்பாயில்போர்டை முழுக்கச் சீவி மட்டம் எடுத்தேன். ஷீட்டுகளை நான்கு ரீப்பரில் படுக்க வைத்து ஒரு வாரம் விட்டதில் கூன் பாதிக்கு மேல் குறைந்தது. ஒவ்வொரு ஷீட்டையும் அளந்தேன்: 17.4, 17.5, 17.9. மூன்றும் ஒரே கடை, ஒரே லோடு. ஷீட்டுக்கு 16 ஸ்க்ரூ, நடுவிலிருந்து ஓரத்துக்கு. துளை பெரிதாகப் போட்டதில் உள்ள வித்தியாசம் கையிலேயே தெரிந்தது. ஸ்க்ரூ கடைசி அரைச் சுற்றில் ஷீட்டை இழுத்து உட்கார வைக்கிறது. "மெத்"தென்று படிகிறதை விரல் வைத்தாலே உணரலாம்.

கம்ப்ரெஷன் பிட் வாங்கினேன். அளந்ததில் அப்கட் நுனி 5 மி.மீ., அதனால் முதல் பாஸ் 7. கடைசி பாஸ் மெலிது. குழிகள் எல்லா இடத்திலும் 9-லிருந்து 9.2-க்குள் இருக்கின்றன. நான்கு கால் மேசை ஒன்றைச் சொருகிப் பார்த்தோம், ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டில் உட்கார்ந்தது. ஆடவில்லை.

இரண்டாவது ஷீட்டில் ஒரு பிராக்கெட்டின் ஒரு டேப் மட்டும் ஒடிந்திருந்தது. அந்த இடத்தில் பிளையின் உள்லேயரில் ஒரு பொந்து. எதிர்ப்பக்க டேப் பிடித்துக்கொண்டது. ஆசாரி ஐயா சொன்னபடி எதிரெதிராக வைத்திருக்காவிட்டால் அதுவும் பறந்திருக்கும்.

உதவியாளருக்கு இப்போது தேய்க்கிற இடம் மிஷினுக்குப் பின்பக்கம், நடுவில் ஒரு பிளைத் தடுப்பு. அவர் சிரித்துக்கொண்டே, "மொதல்லயே இத வெச்சிருக்கலாம்ல அண்ணா" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ஸ்க்ரூ போட்டுக் கழற்ற ஷீட்டுக்கு 20 நிமிடம் ஆகிறது. அதைக் குறைக்க வழி உண்டா?

சுழல்கத்தி எழுதியது:

ஒரே நெஸ்ட் ஃபைலைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்கள் அல்லவா? மிச்சம் இருக்கிற ஷீட்டுகளுக்கும் ஸ்க்ரூ புள்ளிகள் அதே இடத்தில்தான் வரும். முதல் ஷீட்டின் எலும்புக்கூட்டை (துண்டுகளை எடுத்த பிறகு மிஞ்சும் சட்டம்) எறியாமல் வைத்திருங்கள். அதையே ஜிக்காக (துளை இடம் காட்டும் அச்சாக) அடுத்த ஷீட்டின் மேல் வைத்து, மேசைக்குப் போகும் முன்பே கை டிரில்லில் துளை போடலாம். ஒரு ஷீட் மிஷினில் ஓடும்போது அடுத்தது தயாராகிவிடும். ஸ்பாயில்போர்டில் அதே துளைகள் நாலைந்து ஷீட்டுக்கு மேல் தாங்காது. அதன்பின் எல்லாப் புள்ளிகளையும் 10 மி.மீ. நகர்த்திக்கொள்ளுங்கள், கோட்டிலிருந்து 13 மி.மீ. குறையாமல்.

ஆசாரிவீடு எழுதியது:

கழற்றும்போது ஸ்க்ரூவை எண்ணுங்கள் தம்பி. எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்திருக்கிறோம். போடும்போது கிண்ணம் காலி, கழற்றியதும் கிண்ணத்தில் 16 இருக்க வேண்டும். 15 இருந்தால் அடுத்த ஷீட் மேசைக்கு ஏறாது.

புதுப்பட்டறை எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு நேராக மேசைக்குப் போய் எண்ணினேன். 15 இருந்தன. பதினாறாவது பின்பக்க வலது மூலையில், தூளுக்கு அடியில், ஸ்பாயில்போர்டின் மேலேயே விழுந்து கிடந்தது. நாலாவது ஷீட்டின் வெளிக்கோடு அதன் மேலேதான் போக இருந்தது. கிண்ணம் இப்போது ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.